புகையைப் பார்த்து இறால் என்றவன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பொங்கல் முடிந்த கையோடு, சென்னையில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் நடந்தது இது. எனக்கு ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பம். மீஞ்சூரில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு தினமும் ரயிலில் போய் வருகிறேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்த நாட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு விரல் மிச்சமிருக்கும்.

என் வேலை பூஞ்சை வளர்ப்பது. சிரிக்காமல் கேளுங்கள். நோயாளியின் ரத்தத்தில் பூஞ்சை இருந்தால் அதைப் பிரித்தெடுத்து, தீனி போட்டு வளர்த்து, அப்புறம் அது எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளை மாதிரி வளர்த்து விஷம் வைக்கிற உத்தியோகம். அம்மா எனக்குப் பெண் கேட்டுப் போன இடத்தில் இதை விளக்கப் போய், அவர்கள் என்னைக் காளான் பண்ணைக்காரன் என்று நினைத்து, பண்ணை எத்தனை ஏக்கர் என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னதும் காபியை ஆற்றாமலே கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

இந்த வேலையில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. பூஞ்சையை உப்புநீரில் கரைக்கும்போது அந்தக் கலங்கல் ஒரே அளவில் இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு மாதிரிக் குழாய் இருக்கிறது. கறுப்புக் கோடு போட்ட அட்டைக்கு முன்னால் இரண்டு குழாயையும் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டுப் பார்ப்போம். மற்றவர்கள் மூன்று நான்கு தடவை கூட்டிக் குறைப்பார்கள். நான் ஒரே தடவையில் பிடித்துவிடுவேன். எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர், மேடம் என்றுதான் கூப்பிடுவோம், ஒருநாள் வியந்து கேட்டார். "ஏரிக்காரன் கண்ணு மேடம்" என்று அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் தண்ணீரின் கலங்கலைப் பார்த்தே அடியில் இறால் இருக்கிறதா என்று சொல்வோம், கையாலேயே பிடிப்போம் என்று சொன்னதும், மொத்தப் பிரிவும் வாயைப் பிளந்தது.

அதில் ஒரு சின்னப் பொய் இருந்தது. கையால் இறால் பிடிப்பவர்கள் எங்கள் ஏரியில் உண்டு. ஆனால் அது வேறு குடும்பங்களின் வேலை. பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவிப் பிடிப்பார்கள். எங்கள் வீட்டில் வலை. பள்ளிக்கூட விடுமுறை ஒன்றில் நானும் கையை விட்டுப் பார்த்தேன். நான் ஒன்றையும் பிடிக்கவில்லை. ஒரு நண்டு என்னைப் பிடித்தது. ஏரியில் எனக்குள்ள அனுபவம் அவ்வளவுதான்.

அந்த வாரம் மருந்து பரிசோதிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது. எல்லாம் பழைய முறையில், கையால். அப்போதுதான் சாம்பிள் வாங்கும் ஜன்னலில் ஒரு தம்பி வந்து நின்றார். வயது முப்பதுக்குள் இருக்கும். விரல் நுனியெல்லாம் வெந்தது போல் வெளுத்துச் சுருங்கி இருந்தது.

"சார், எங்க வூட்டுக்காரம்மா ரத்தத்துல இன்னாவோ பூஞ்சையாம். அது இன்னா சொல்துனு கேட்டுக்கினு வரச் சொன்னாங்கோ."

அந்த 'இன்னா'வைக் கேட்டதுமே ஊர் தெரிந்துவிட்டது. விசாரித்தால், ஏரிக்கு அந்தப் பக்கம், எங்கள் குப்பத்துக்குப் படகில் அரை மணி. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கையால் இறால் பிடிக்கிறவர்கள். நான் யார் என்று தெரிந்ததும் 'சார்' போய் 'ணா' வந்துவிட்டது.

அவர் மனைவிக்குக் குடல்வால் வெடித்து அறுவை சிகிச்சை நடந்து மூன்று வாரமாகியிருந்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் தீவிர சிகிச்சையில் இருந்தபோது ரத்தத்தில் பூஞ்சை ஏறிவிட்டது. நரம்பு வழியாக மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் நான்கு மாதம்கூட நிறையாத ஆண் குழந்தை. தம்பியின் தங்கை டின் பாலைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வார்டு சிஸ்டர் எனக்குப் பழக்கம். மருந்து ஏறுவதால் குழந்தைக்குத் தாய்ப்பால் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வற்றிப் போய்விடக் கூடாது என்று அந்தப் பெண் வேளை தவறாமல் பீய்ச்சி, வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுத் தண்ணீர் திறந்துவிடுவாராம். தம்பி ஒருநாள் விட்டு ஒருநாள் ஊருக்குப் போய் வருவார். வரும்போது குழந்தையைச் சுற்றிய துணியைத் துவைக்காமல் கொண்டுவரச் சொல்வாராம் அந்தப் பெண், மோந்து பார்க்க. சிஸ்டர் ஒருமுறை திட்டி வாங்கி வைத்துவிட்டார். "வாங்கி வெச்சிட்டு நான்தான் அன்னிக்கு ராத்திரி தூங்கல" என்று என்னிடம் சொன்னார்.

மருத்துவர்கள் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். ஃப்ளூகோனசோல் என்ற மாத்திரைக்கு அந்தப் பூஞ்சை அடங்கும் என்று லேப் சொன்னால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பால் கொடுக்கலாம். அடங்காது என்றால் இன்னும் பத்து நாளாவது இங்கேயே ஊசி மருந்து. ஆக, அந்தப் பெண் வீட்டுக்குப் போவதும் போகாததும் என் மேஜை மேல் இருந்தது.

செய்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் இருந்து பூஞ்சை தட்டில் நீலமாக முளைத்தது. உப்புநீரில் கரைத்தேன், வழக்கம்போல ஒரே தடவையில் கலங்கலைப் பிடித்தேன், வழக்கம்போலத் திரும்பிப் பார்த்தேன், யாராவது பார்த்தார்களா என்று. பிறகு உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டு. அதில் வரிசைக்குப் பன்னிரண்டு குழி. ஒவ்வொரு குழியும் பட்டாணி அளவு. முதல் குழியில் மருந்து அதிகம், அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் அதிலும் பாதி என்று பத்துக் குழி வரை குறைந்துகொண்டே போகும். பதினொன்றாவது குழியில் மருந்தே கிடையாது; பூஞ்சை இஷ்டத்துக்கு வளரலாம். பன்னிரண்டாவதில் பூஞ்சையே கிடையாது. வெறும் ஊட்டநீர், தண்ணீர் கலந்த ரோஸ்மில்க் நிறத்தில். மேல் வரிசையில் ஊசி மருந்து, கீழ் வரிசையில் மாத்திரை மருந்து. முப்பத்தைந்து டிகிரி வெப்பத்தில் ஒருநாள் வைத்துவிட்டு, எந்தக் குழி வரை வளர்ச்சி நின்றது என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை பார்த்தேன். மேல் வரிசை சுத்தம். ஊசி மருந்து வேலை செய்திருந்தது. கீழ் வரிசையில் எந்தக் குழியும் முழுசாகத் தெளியவில்லை. முதல் குழியில்கூட அடியில் லேசாக மங்கல் கிடந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் கவனித்திருக்கவே மாட்டார்கள். நான்தான் ஏரிக்காரனாயிற்றே! கலங்கல் இருக்கிறது என்றால் உள்ளே உயிர் இருக்கிறது. மாத்திரைக்கு அடங்கவில்லை என்று எழுதினேன். சரிபார்ப்புக்காக அதே மருந்துகளில் வைத்திருந்த, குணம் தெரிந்த பூஞ்சை ஒழுங்காகத்தான் இருந்தது. அதனால் சந்தேகம் வரவில்லை. மேடம் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "நல்லா பாத்தீங்களா?" என்றார். "மேடம், என் கண்ணு..." என்று ஆரம்பித்தேன். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை தம்பி ஜன்னலுக்கு வந்தார். கையில் ஒரு பை, பையில் ஐஸ், ஐஸுக்குள் இறால். பத்து நாள் இழுக்கும் என்று வார்டில் சொல்லிவிட்டார்களாம். கோபமெல்லாம் இல்லை. "அவ செவுத்த பாத்து திரும்பி படுத்துக்கிச்சி. அதான் பேஜாரா கீது" என்றார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதல் சொல்கிறேன் என்று அவர் பாஷையிலேயே விளக்க ஆரம்பித்தேன். தட்டில் குழிகள் இருக்கும், மருந்து கேட்டால் தண்ணீர் தெளியும், கேட்காவிட்டால் கலங்கியே கிடக்கும், உங்கள் வீட்டம்மாவுடையது எந்தக் குழியிலும் முழுசாகத் தெளியவில்லை, லேசாகக் கலங்கல் இருந்துகொண்டே இருந்தது என்றேன்.

தம்பி பையை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"லேசான்னா? எந்தத் தண்ணிய பக்கத்துல வெச்சி பாத்த?"

"பக்கத்துல சுத்தமான தண்ணி ஒன்னு இருக்கும். அதோட வெச்சுத்தான்."

"அய்ய, நல்ல தண்ணிய வெச்சி பாத்தா அல்லாம் கலங்கலாதான் தெரியும். எறா மேயுற எடம் ஒன்னு கீதுல்ல, நல்லா கொழகொழன்னு? அத்த வெச்சில்ல பாக்கணும்? எறா துள்ளி ஓடிச்சினா பின்னால சேறு பொக மாதிரி நிக்கும்ணா. எறா பூட்டிருக்கும், பொக நின்னுக்கினு இருக்கும். அதுல கைய வெச்சா சேறுதான் வரும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "நீ வலக்காரு. உனுக்கு எங்க தெரியும்."

நானும் சிரித்தேன். பாதியிலேயே நிறுத்திவிட்டேன்.

ஏனென்றால் இதை எனக்குப் படிப்பிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஊசி மருந்து பூஞ்சையைக் கொல்லும். அந்த வரிசையைப் பன்னிரண்டாவது குழியோடு ஒப்பிட வேண்டும், துளி மங்கலும் கூடாது. மாத்திரை மருந்து கொல்லாது, வளரவிடாமல் முடக்கும். முடங்கிக் கிடப்பதன் மங்கல் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதனால் அந்த வரிசையைப் பதினொன்றாவது குழியோடு, இஷ்டத்துக்கு வளர்ந்ததோடு ஒப்பிட வேண்டும். அதில் பாதியாகக் குறைந்திருந்தாலே மருந்து கேட்கிறது என்று அர்த்தம். இந்த வகைப் பூஞ்சை இப்படி ஏமாற்றும் என்று தனியாக எச்சரித்துக்கூட இருந்தார்கள். நான் மேல் வரிசையைப் பார்த்த அதே கண்ணோடு கீழ் வரிசைக்கு இறங்கிவிட்டேன்.

இறால் பையை ஜன்னலிலேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன். தட்டு குளிர்பெட்டியில் இருந்தது. வியாழக்கிழமை எடுத்த படமும் இருந்தது. படத்தில் பதினொன்றாவது குழியின் அடியில் தயிர் உறைந்த மாதிரி வெள்ளை. முதல் குழியில் இருந்தது அதற்குப் பக்கத்தில் மூச்சுப் பட்ட கண்ணாடி.

மேடத்திடம் போய் நின்றேன். வழியில் இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். இயந்திரம் பழுது என்று ஆரம்பிக்கலாமா என்றும் யோசித்தேன். வாய் திறந்தபோது, "தப்பாப் பாத்துட்டேன் மேடம்" என்பது மட்டும்தான் வந்தது. படத்தை ஒரு நிமிடம் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கையெழுத்து என்னோடது. தட்டைப் பாக்காமலே போட்டேன்" என்றார். "முதல்ல வார்டுக்குப் போன் பண்ணுவோம். புதுசா மறுபடியும் வைங்க, நாளைக்கு ரெண்டு பேரும் தனித்தனியாப் பாப்போம். அப்புறம், அந்த ஏரிக் கண்ணக் கொஞ்ச நாள் கழட்டி வைங்க."

வார்டுக்கு நானே போனேன். முதல் தடவையாக அந்தப் பெண்ணைப் பார்த்தேன். ஒல்லியாக, என்னைவிட நாலைந்து வயது சின்னவராக இருந்தார். கட்டிலோரம் தம்பி நின்றிருந்தார். தப்பு என்னுடையது, நேற்றே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர் நீங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நான் வாழ்க்கையில் நகைச்சுவை எதுவும் சேர்க்காமல் பேசியது அன்றைக்குத்தான்.

தம்பி, "பொகைக்கே கைய வெச்சிட்டியாணா?" என்றார். அந்தப் பெண் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ நாளன்னிக்கு. காலைலயா, சாயந்தரமா?"

ஞாயிற்றுக்கிழமை விடுமுறைதான். ஆனாலும் மேடமும் வந்தார், நானும் போனேன். தட்டைப் பார்க்க நேரம் இருந்தது. ஜன்னலில் தம்பி நின்றிருந்தார். முகமெல்லாம் பல். கைப்பேசியை நீட்டினார். அன்று காலை தங்கை எடுத்து அனுப்பிய வீடியோ. பாயில் மல்லாந்து கிடக்கும் குழந்தை ஒரு பக்கமாகத் திரும்பித் திரும்பி, கடைசியில் தொபீரென்று குப்புற விழுகிறான். முதல் தடவை. எங்கள் பக்கம் குழந்தை குப்புற விழுந்தால் தேங்காய் உடைத்து, இனிப்புச் செய்து, நாலு வீட்டுக்குக் கொடுப்பார்கள். அரை நிமிடம் இருக்கும் அந்த வீடியோ. இரண்டு தடவை பார்த்தேன்.

"காட்டினீங்களா?" என்று கேட்டேன்.

தம்பியின் முகம் மாறியது. "காட்ல. நாளைக்குப் போய் அவ கண்ணு முன்னால வுழுவான். அதான் மொத தடவனு சொல்லிடலாம். தங்கச்சிகிட்டயும் சொல்லிட்டேன், அழிச்சிட்டா. தேங்கா நாளைக்குத்தான்." சொல்லிக்கொண்டே என் எதிரில் தன் கைப்பேசியில் இருந்ததையும் அழித்தார். "அவ என் போன நோண்டுவா. நீயும் சொல்லாதணா."

சொல்ல மாட்டேன் என்றேன். நியாயமாக அந்தப் பெண் வெள்ளிக்கிழமையே வீட்டில் இருந்திருக்க வேண்டியவர். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருப்பார். அதைத் தம்பி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

தட்டைப் பார்த்தோம். நான் ஒரு தாளில் எழுதினேன், மேடம் ஒரு தாளில் எழுதினார். இரண்டும் ஒன்று. மாத்திரை கேட்கும். திங்கட்கிழமை காலையில், சாயந்தரம்கூட இல்லை, காலையிலேயே அனுப்பிவிட்டார்கள். மறுநாள் தம்பி போனில் கூப்பிட்டு, வீட்டுக்குப் போன கொஞ்ச நேரத்திலேயே பையன் குப்புற விழுந்தான், எல்லாரும் கைதட்டினோம், அவள் அழுதாள், தேங்காய் உடைத்தாயிற்று என்றார். தப்பித்தேன் என்று ரயிலில் நின்றுகொண்டே பெருமூச்சு விட்டேன்.

ஒரு மாதம் கழித்துப் பரிசோதனைக்கு வந்தார்கள். தம்பி மருந்து வாங்கும் வரிசையில் நிற்க, அந்தப் பெண் மட்டும் குழந்தையோடு என் ஜன்னலுக்கு வந்தார். முகத்தில் சதை பிடித்திருந்தது. பையன் என் அடையாள அட்டையைப் பிடித்து வாயில் வைத்தான். நான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வரிசைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ணா, மொத தடவ குப்புற வுழுற கொயந்த கைய அடியில மாட்டிக்கினு அழுவும். எடுக்கத் தெரியாது. இவன் வுழுந்தான், கைய இழுத்துக்கினான், தலையத் தூக்கி என்னப் பாத்து சிரிச்சான். அது மொத தடவ இல்ல."

நான் பையன் வாயிலிருந்து அட்டையை மெதுவாக எடுத்தேன்.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க. அவரு சந்தோசமா கீறாரு" என்றார். அப்புறம், கேட்கலாமா வேண்டாமா என்பது போல் சற்று நின்றுவிட்டு, "இவன் எது பண்ணாலும் அவரு தங்கச்சி வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பிடும். நீங்க அந்த வீடியோ பாத்தீங்கதானே? அவரு உங்ககிட்ட காட்டாம இருந்திருக்க மாட்டாரு. எப்படி இருந்துச்சி?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். நீலப் பூப்போட்ட பாய். இடுப்பில் கறுப்புக் கயிறு, வேறு துணி இல்லை. வலது பக்கமாகத்தான் திரும்பினான். மூன்று தடவை முக்கால்வாசி போய் மல்லாந்துவிட்டான். நான்காவது தடவை காலைத் தூக்கிப் போட்டான், விழுந்தான். வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. தலையைத் தூக்கினான், தாங்கவில்லை, மூக்கு பாயில் இடித்தது. மறுபடியும் தூக்கி, சுற்றும் முற்றும் பார்த்தான். அப்புறம்தான் அழுதான்.

"சுத்தியும் பாத்தானா?" என்றார்.

"பாத்தான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டு குழந்தையின் உச்சியில் முகத்தை வைத்தார். வரிசையில் இருந்து தம்பி கையசைத்துக் கூப்பிட்டார். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு போய்விட்டார்.

அவருக்குச் சேர வேண்டிய அந்த அரை நிமிடம், நான் செய்த தப்பினால் வழிமாறி என்னிடம் வந்து தங்கிவிட்டது. வார்த்தையால் எவ்வளவு சொல்லியும் முழுசாகத் திருப்பிக் கொடுக்க முடியாத அதை இன்றும் ஒரு சின்ன அசைவுகூட மறக்காமல் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.